ரைஸ் ஆஃப் கிங்டம்ஸ்: பார்பேரியன் வேட்டைக்கு முதன்மை கமாண்டர் யார், லோஹாரா பௌடிக்காவா?

வேல்முனை

வணக்கம் நண்பர்களே. ரைஸ் ஆஃப் கிங்டம்ஸ் கேம்ல பிரிட்டன் நாகரிகத்துல ஆரம்பிச்ச கணக்கு, சிட்டி ஹால் (ஊரோட முதன்மைக் கட்டடம்) லெவல் 16. பார்பேரியன் (வரைபடத்துல நிக்கிற, கேமே இயக்குற எதிரிப்படை) அடிக்க மட்டும் ஒரு கமாண்டரை, அதாவது படைத்தலைவரை, தனியா வளர்க்கணும். இப்போ இருக்கிற நிலைமை:

பௌடிக்கா: 3 ஸ்டார், லெவல் 27, ஸ்கில் 3/2/1. டேலண்ட் பாயிண்ட் (லெவல் ஏறும்போது கிடைக்கிறது) மூணு மரத்துலயும், அதாவது கிளை கிளையா இருக்கிற மூணு திறன் பிரிவுலயும், கொஞ்சம் கொஞ்சமா போட்டிருக்கு.
லோஹார்: 1 ஸ்டார், லெவல் 10, முதல் ஸ்கில் 3.
எபிக் பொதுச் சிலை (எந்த எபிக் தரக் கமாண்டரோட ஸ்கில்லையும் ஏத்தப் பயன்படுற பொருள்) 40 இருக்கு, இன்னும் யாருக்கும் போடல.

கேள்வி மூணு. யாரை முதன்மையா வைக்கிறது? லோஹாருக்கு ஸ்டார் இப்பவே ஏத்தலாமா? டேலண்ட் எந்த மரத்துல போகணும்? சன் சூவும் இருக்கார், ரெண்டாவது இடத்துக்கு அவரைப் போடலாம்னு ஒருத்தர் சொன்னார்.

கோட்டைக்காவல்

கடைசியில முதன்மை லோஹார்தான். ஆனா இன்னைக்கே மாத்த முடியாது. காரணம், முதன்மை கமாண்டர் 3 ஸ்டாருக்கு வந்தாதான் அவர்கூட துணை கமாண்டரைச் சேர்க்க முடியும். லோஹார் 1 ஸ்டார்ல இருக்கிற வரைக்கும் தனியாதான் போகணும். அதனால இப்போதைக்கு பௌடிக்கா முதன்மை, லோஹார் துணை.

இந்த விளையாட்டுல முதன்மை இடத்துக்கும் துணை இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நல்லா மனசுல வெச்சுக்கணும். டேலண்ட் முதன்மையோடது மட்டும்தான் வேலை செய்யும். அணிவிக்கிற உபகரணமும் அப்படித்தான். எத்தனை படை கூட்டிட்டுப் போகலாம்ங்கிறதும் முதன்மையோட லெவலைப் பொறுத்தது. துணையில இருக்கிறவர் தர்றது அவரோட ஸ்கில் மட்டும். லோஹாருக்கு பீஸ்கீப்பிங் மரத்தை (பார்பேரியன் வேட்டைக்கான டேலண்ட் பிரிவு) எவ்வளவு அழகா நிரப்பினாலும், துணையில உட்கார வெச்சா அத்தனை பாயிண்டும் சும்மா கிடக்கும். தனித்துறை கமாண்டர் வளர்க்கிற பலரும் சறுக்குற இடம் இதுதான்.

ஸ்டார் விஷயம்: ஸ்டார் ஏற ஏறப் புது ஸ்கில் திறக்கும். 2 ஸ்டார்ல ரெண்டாவது, 3ல மூணாவது, 4ல நாலாவது. சிலை போட்டு ஸ்கில் ஏத்தும்போது எந்த ஸ்கில் ஏறும்னு நாம தேர்ந்தெடுக்க முடியாது. திறந்திருக்கிறதுல ஏதோ ஒண்ணு ஏறும். 1 ஸ்டார்ல நின்னா நாலு தடவை ஏத்தினதுமே முதல் ஸ்கில் 1லருந்து 5 ஆயிடும், வேற வழியே கிடையாது. அதே நாலு தடவையை நாலு ஸ்கில்லும் திறந்த பிறகு செஞ்சா, சமவாய்ப்புன்னு வெச்சுக்கிட்டா, நாலும் முதல் ஸ்கில்லுக்கே விழ 256ல ஒரு வாய்ப்பு. லோஹார் முதல் ஸ்கில் இப்போ 3. இன்னும் ரெண்டு தடவை ஏத்துங்க, 5 ஆகட்டும், அப்புறம் ஸ்டார்.

சன் சூ வேண்டாம். அவர் காலாட்படை, கோட்டைக் காவல், ஸ்கில் மரங்கள் கொண்டவர், நல்ல கமாண்டர்தான். ஆனா பீஸ்கீப்பிங் அவர்கிட்ட கிடையாது. பௌடிக்கா, லோஹார் ரெண்டு பேருக்கும் உண்டு.

மூன்றாம்படை

கோட்டைக்காவல் சொன்னதுல ஒரு இடத்துல மட்டும் எனக்கு வேற கருத்து. "ஸ்கில் நிரம்பும் வரை ஸ்டாரைப் பிடிச்சு நிறுத்து"ங்கிறது மத்த விளையாட்டு வீரர்களுக்கு எதிரான சண்டைக்கு வளர்க்கிற லெஜண்டரி (எபிக்குக்கு மேல் தரம்) கமாண்டருக்குப் பொன்னான விதி. அங்க முதல் ரெண்டு ஸ்கில் 5/5 ஆனதும் களத்துல வித்தியாசம் தெரியும், தங்கச் சிலையும் (லெஜண்டரி கமாண்டருக்கான சிலை) லேசுல கிடைக்காது. பார்பேரியன் வேட்டைக்காரருக்கு முதல் ஸ்கில் 5 ஆனாப் போதும், அதுக்கு மேல நிறுத்தாதீங்க.

ஏன்னா ஸ்டார்தான் லெவலுக்கு உச்சவரம்பு. 1 ஸ்டாருக்கு 10, 2க்கு 20, 3க்கு 30, இப்படி 6 ஸ்டாருக்கு 60. வரம்பைத் தொட்ட கமாண்டர் அதுக்கு மேல லெவல் ஏற மாட்டார். இப்போ உங்க லோஹார் லெவல் 10ல முட்டிக்கிட்டு நிக்கிறார். இந்த நிலையில அவரைத் துணையில வெச்சு எத்தனை பார்பேரியன் அடிச்சாலும் அவருக்கு வர வேண்டிய அனுபவம் வீண். லெவல் ஏறினாதான் டேலண்ட் பாயிண்ட், படை அளவு ரெண்டும் ஏறும். வேட்டைக்கு அது ரெண்டும்தான் உயிர். அதோட லோஹாருக்கு என்னைக்கானாலும் நாலு ஸ்கில்லையும் 5/5/5/5 ஆக்கி, அஞ்சாவது ஸ்கில்லைத் திறக்கத்தான் போறீங்க. அப்போ எந்த வரிசையில ஏறினாலும் மொத்தக் கணக்கு அதே 16 ஏற்றம்தான்.

ஆக வரிசை இது: முதல் ஸ்கில் 5, உடனே 2 ஸ்டார். பௌடிக்காவுக்குத் துணையா வெச்சு அடிச்சு லெவல் 20. உடனே 3 ஸ்டார். அன்னைக்கே இடத்தை மாத்தி லோஹாரை முதன்மை ஆக்குங்க.

பொதுச் சிலை 40ல லோஹாரோட முதல் ஸ்கில்லுக்குத் தேவையானதை மட்டும் எடுங்க. முதல்ல அவர் பெயர்ச் சிலை எத்தனை இருக்குன்னு பார்த்து அதைத் தீருங்க, குறையிறதுக்கு மட்டும் பொதுச் சிலை. ஏத்துற திரையில பொதுச் சிலையை மாத்திக்கிற இடம் பக்கத்துலயே இருக்கு. அவசரத்துல அழுத்திட்டா திரும்பி வராது. லோஹார் சோதனை நிகழ்வு வரும்போது அவர் சிலை சேர்க்க வழி கிடைக்கும். அந்த நிகழ்வுக்கு ஆக்‌ஷன் பாயிண்ட் (பார்பேரியனை அடிக்கச் செலவாகிற புள்ளி) தர்ற பாட்டில்களைச் சேர்த்து வைங்க.

ஆறாம்திசை

டேலண்ட் பத்தி யாரும் சொல்லல, அதை நான் எடுத்துக்கிறேன்.

லோஹாருக்கு மூணு மரம்: லீடர்ஷிப், பீஸ்கீப்பிங், சப்போர்ட். முதல் பாயிண்ட்ல இருந்து பீஸ்கீப்பிங் மட்டும். அடிக்கிளையில இருந்து உச்சிக்கிளை வரைக்கும் போய் முடிச்ச பிறகுதான் அடுத்த மரத்தைத் தொடணும். வழியில இருக்கிற சின்ன முடிச்சுகள் கொஞ்சம்தான் தரும், பெரிய பலன் கிளையோட நுனியில இருக்கு. மூணு மரத்துலயும் பரப்பிட்டா ஒரு நுனியையும் எட்ட மாட்டீங்க. பௌடிக்காவுக்கு நடந்திருக்கிறது அதுதான். போகிற வழியில பார்பேரியன்கிட்ட இருந்து கிடைக்கிற அனுபவத்தைக் கூட்டுற முடிச்சு வரும், அதை முழுசா நிரப்புங்க. அது சீக்கிரம் நிரம்பினா அப்புறம் அடிக்கிற ஒவ்வொண்ணுலயும் பலன் சேரும். பீஸ்கீப்பிங் முடிஞ்சு மிச்சம் வர்றதை லீடர்ஷிப்ல படை அளவு கூட்டுற பக்கம் போடுங்க.

பௌடிக்காவோட டேலண்டை மாத்த ரீசெட் பொருளைச் செலவழிக்க வேண்டாம். சீக்கிரமே துணை இடத்துக்குப் போறவங்களுக்கு டேலண்ட் எப்படி இருந்தா என்ன.

எந்தப் படை? லோஹாரோட மூணு மரமும் எந்தப் படை வகையோடயும் கட்டுப்பட்டது இல்ல. அதனால உங்க கிட்ட இருக்கிறதுலயே உயர்ந்த நிலைப் படையைக் கொடுங்க. ரெண்டு வகை சமமா இருந்தா குதிரைப்படை, ஏன்னா வேகம் அதிகம். ஒரு பார்பேரியனுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஓடுற நேரம்தான் வேட்டையில பெரிய செலவு. முற்றுகை வண்டியை ஒண்ணுகூடச் சேர்க்காதீங்க; கூட்டத்துல மெதுவானது எதுவோ அதோட வேகத்துலதான் மொத்தப் படையும் நகரும்.

ஓட்டம் எப்படி இருக்கணும்னா: இடது பக்க பூதக்கண்ணாடியில பார்பேரியன் லெவலைத் தேர்ந்து தேடுங்க. ஒரு லெவலை ஜெயிச்சாதான் அடுத்த லெவல் திறக்கும். அடிச்சு முடிச்ச படையை ஊருக்குத் திரும்ப விடாதீங்க, களத்துலயே நிறுத்தி அடுத்தது மேல இழுத்து விடுங்க. ஒரு பார்பேரியனுக்கு 50 ஆக்‌ஷன் பாயிண்ட். ஊர் திரும்பாம அடுத்தடுத்து அடிச்சா அந்தச் செலவு கொஞ்சம் கொஞ்சமா குறையும், கோட்டைக்குள்ள வந்துட்டா மறுபடி 50லருந்து தொடங்கும். ஒவ்வொரு அடிக்கும் வீட்டுக்கு வந்து போனா பாயிண்ட், நேரம் ரெண்டும் போச்சு.

எப்போ திரும்பணும்? லேசான காயம் பட்டவங்க ஊர் திரும்பினதும் தானா குணமாயிடுவாங்க, களத்துல நிக்கிற வரைக்கும் சண்டை போட மாட்டாங்க. நிக்கிற படையோட எண்ணிக்கை பாதிக்குக் கிட்ட வந்தா சண்டை நீளும், காயமும் வேகமா ஏறும். அப்போ திருப்பிடுங்க. மூணு நாலு பார்பேரியனுக்குள்ளயே பாதி ஆயிடுதுன்னா நீங்க தேர்ந்த லெவல் அதிகம். ரெண்டு லெவல் இறக்குங்க. லெவல் 18ல நாலு அடிக்கிறதை விட 16ல பதினஞ்சு அடிக்கிறது அனுபவத்துல முந்தும்.

வேல்முனை

ரொம்ப நன்றி. முதல் ஸ்கில் 5 ஆகிடுச்சு, பெயர்ச் சிலை போக பொதுச் சிலை கொஞ்சம்தான் தேவைப்பட்டது. 2 ஸ்டாரும் ஏத்தியாச்சு. இன்னொரு சந்தேகம்: வளம் சேகரிக்க ஜோன் ஆஃப் ஆர்க் இருக்காங்க. அவங்களுக்கும் இதே முறைதானா?

கோட்டைக்காவல்

அடிப்படை அதேதான், சேகரிப்பு மரத்தை மட்டும் நுனி வரை நிரப்புங்க. லெவல் 37 வாக்குல அந்த மரம் முடிஞ்சிடும், அதாவது 4 ஸ்டார். அதுக்கு மேல அவங்களுக்கு அனுபவப் புத்தகம் கொடுக்காதீங்க, அதை லோஹாருக்கு வைங்க. துணைக்கு கயஸ் மாரியஸ், கான்ஸ்டன்ஸ் ரெண்டு பேர்ல யாரை வேணா போடலாம். எலைட் (எபிக்குக்குக் கீழ் தரம்) கமாண்டர்கள், சிலை சுலபமா சேரும், ஸ்கில் முழுசும் சீக்கிரம் நிரம்பும்.

படை விஷயம் மட்டும் வேட்டைக்கு நேர் எதிர். சேகரிப்புக்கு முற்றுகை வண்டிதான், சுமை அதிகம் தூக்கும். மெதுவா போகும்ங்கிறதால பக்கத்துல இருக்கிற வயலைத் தேர்ந்தெடுங்க. தூரத்து வயல்ல எதிரி அடிச்சா வண்டிப்படை திரும்பி ஓடவும் முடியாது, சண்டையிலயும் நிக்காது.

மூன்றாம்படை

இன்னொண்ணு. லோஹார் முதன்மை ஆன பிறகு பௌடிக்காவே எப்பவும் துணையில இருக்கணும்னு இல்ல. பார்பேரியன் தர்ற அனுபவம் துணைக்கும் போகும். லோஹார் தனியா தாங்குற அளவு வளர்ந்ததும், அந்த இடத்துல அடுத்து வளர்க்கப்போற கமாண்டரை உட்கார வைங்க. கிளம்புறதுக்கு முன்னாடி அவரோட லெவல் 10, 20, 30னு வரம்புல முட்டி நிக்குதான்னு ஒரு தடவை பாருங்க. முட்டி நின்னா ஸ்டார் ஏத்திட்டு அனுப்புங்க, இல்லன்னா அந்த ஓட்டத்துக்கு வேற ஆளைப் போடுங்க.