அம்பாசிடர் பின்பக்கம் "டொக்" சத்தம்: ஷாக் அப்சார்பர் மாற்றியும் நிற்கவில்லை

வெள்ளைஅம்பி

வண்டி 1996 அம்பாசிடர் 1800, ஐசுசு பெட்ரோல் இன்ஜின். பின்னால் இடது பக்கத்திலிருந்து "டொக்" என்று ஒற்றைச் சத்தம் வருகிறது.

வேகத்தடையில் பின்சக்கரம் ஏறி இறங்கும்போது ஒரு முறை. முதல் கியரில் கிளட்ச் விட்டதும் ஒரு முறை. ரிவர்ஸ் எடுக்கும்போது அதைவிடப் பலமாக. சீரான ரோட்டில் 60 கி.மீ. வேகத்தில் எதுவும் இல்லை. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் வேகத்தடைச் சத்தம் குறைகிறது. கிளட்ச் விடும்போது வருவது மட்டும் அப்படியே இருக்கிறது.

பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் புஷ்ஷோடு புதிதாகப் போட்டாயிற்று. வீல் நட்டு எல்லாம் டைட். டிக்கியைக் காலி செய்து, ஸ்டெப்னியை வெளியே எடுத்து வைத்தும் ஓட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. ஒரு பட்டறையில் கிரௌன் பினியன் (பின் அச்சுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) போய்விட்டது, ஹவுசிங்கை (பின் அச்சின் கூட்டை) இறக்க வேண்டும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் பிளேட் செட்டையே (பின் ஸ்பிரிங்கின் தகடுகள்) மாற்றச் சொல்கிறார்கள். இரண்டுமே பெரிய செலவு. எதையும் கழற்றுவதற்கு முன் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்ய என்ன வழி?

பழையஸ்பேனர்

சார், நீங்கள் சொன்ன விவரத்திலேயே பாதி விடை இருக்கிறது. கிளட்ச் விடும்போதும் வருகிறது, பள்ளத்திலும் வருகிறது, இரண்டும் ஒரே பக்கம். அம்பாசிடரில் பின் ஹவுசிங்கை முன்னும் பின்னும் பிடித்து நிறுத்தத் தனியாக ஆர்ம் எதுவும் கிடையாது. வண்டியின் பாரத்தைத் தாங்குவதும் லீஃப் பிளேட்தான், சக்கரம் தள்ளும் தள்ளலை பாடிக்குக் கொண்டுபோவதும் அதுதான், கிளட்ச் விட்டதும் ஹவுசிங் முறுக்கிக்கொள்ளப் பார்ப்பதைத் தடுப்பதும் அதுதான். அதனால் ஹவுசிங்கும் பிளேட்டும் சேரும் இடத்தில் தளர்வு இருந்தால் இரண்டு நேரத்திலும் சத்தம் வரும். ரிவர்ஸில் முறுக்கு எதிர்த் திசைக்கு மாறுகிறது. அங்கே பலமாகக் கேட்பதும் இதோடு பொருந்துகிறது.

என் சந்தேக வரிசை: யூ போல்ட் (பிளேட்டையும் ஹவுசிங்கையும் சேர்த்துக் கட்டுவது), சென்டர் போல்ட் (பிளேட்டுகளின் நடுத் துளையில் போவது), ஷேக்கிள் புஷ் (பிளேட்டின் பின் முனையைப் பாடியோடு இணைக்கும் தகட்டின் ரப்பர்), ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் (இன்ஜின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் தண்டின் மூட்டு). கிரௌன் பினியன் கடைசியில்தான்.

முதலில் அளவு டேப் எடுங்கள். சமதரையில், நான்கு சக்கரமும் தரையில் இருக்க, பிளேட்டின் முன் கண் (முன் முனை வளையம்) போல்ட்டின் நடுவிலிருந்து பின் டிரம்மின் நடு வரை அளந்து, இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். 2, 3 மி.மீ. வித்தியாசம் டேப் பிடிப்பதில் வரும் பிழையாக இருக்கலாம். 5 மி.மீ.க்கு மேல் போனால் ஹவுசிங் ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறது, அதாவது சென்டர் போல்ட் உடைந்திருக்கிறது அல்லது அது உட்காரும் துளை தேய்ந்திருக்கிறது. அப்படியே சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் 15 மி.மீ. போலத் தாழ்ந்திருந்தால் உடைந்த பிளேட்டைத் தேட வேண்டும். இரண்டாவது பிளேட் பெரும்பாலும் நடுத் துளை அருகிலேயே வெடிக்கும். யூ போல்ட் மறைத்துக்கொண்டிருப்பதால் கண்ணில் படாது.

அடுத்து, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடக்கட்டை போட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கால்பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, முதல் கியரில் அரை கிளட்ச் விட்டுப் பிடிக்கட்டும். பிறகு ரிவர்ஸில் அதையே செய்யட்டும். நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நின்று டார்ச் அடித்து யூ போல்ட் பகுதியைப் பாருங்கள். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது அடியில் போகவே கூடாது. பிளேட் லேசாக வளைந்து நிமிர்வது இயல்பு. ஹவுசிங்கின் பேட் (பிளேட்டின் மேல் உட்காரும் தட்டையான பகுதி) பிளேட்டின் மேல் தனியாக நகர்ந்தால் அதுதான் உங்கள் "டொக்".

அடியில் இன்னொரு தடயமும் கிடைக்கும். யூ போல்ட்டை ஒட்டிச் செங்கல் பொடி போல் துரு உதிர்ந்திருக்கும், அல்லது பிளேட் ஓரத்தில் பளபளவென்று தேய்ந்த கோடு தெரியும். உரசாத இரும்பு பளபளக்காது.

கிராஸ்குட்டி

முன்னவர் சொன்னது சரி. ஆனா கிராஸைக் கடைசிக்குத் தள்ளாதீங்க, பார்க்க அஞ்சு நிமிஷம்தான் ஆகும்.

இன்ஜினை அணைச்சு, கட்டை போட்டு, நியூட்ரல்ல வைங்க. ஹேண்ட்பிரேக் போட்டே இருக்கட்டும். அடியில போய் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால இப்படியும் அப்படியும் திருப்புங்க. இன்னொரு கையோட விரலை, கிராஸோட ரெண்டு பக்கம் இருக்கிற யோக்கையும் (கிராஸைப் பிடிச்சிருக்கிற கவை) சேர்த்துத் தொடற மாதிரி வைங்க. ரெண்டு யோக்குக்கும் நடுவுல துளி ஆட்டம் தெரிஞ்சாலும் கிராஸ் போச்சு, அதுல "கொஞ்சம் பரவாயில்லை"ங்கிற கணக்கே இல்லை. கப் ஓரத்துல சிவப்புப் பொடி இருந்தா உள்ள நீடில் பேரிங் காய்ஞ்சு அரைபடுதுன்னு அர்த்தம்.

கிராஸ் நல்லா இருந்து, பின்னாடி பினியன் ஃபிளாஞ்சு (ஷாஃப்ட் ஹவுசிங்கோட சேர்ற தட்டு) மட்டும் கொஞ்சம் திரும்பினா பயப்படாதீங்க. பல்லுக்குப் பல்லு இருக்கிற இடைவெளி, டிஃபரன்ஷியல் உள்ள வாஷர் தேய்மானம், ஆக்சில் மரைப்பல்லு எல்லாம் சேர்ந்து இந்த வயசு வண்டியில கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். ஃபிளாஞ்சை மேலயும் கீழயும் ஆட்டுங்க. அப்படி ஆடினாதான் பினியன் பேரிங் சந்தேகம். கிரௌன் பினியன் கெட்டா முதல்ல ஊளைச் சத்தம் வரும், ஆக்சிலரேட்டர் அழுத்தும்போது ஒரு மாதிரி, விடும்போது வேற மாதிரி. 60ல ஒண்ணுமே கேக்கலைன்னா ஹவுசிங்கை இறக்காதீங்க. நல்லா ஓடிக்கிட்டு இருக்கிற பினியனைக் கழட்டி மறுபடி ஷிம் (மெல்லிய தகடு) வச்சுப் பொருத்துறது நுணுக்கமான வேலை, அதுல தப்பினா இல்லாத ஊளை புதுசா வந்துடும்.

இன்னொண்ணு, வண்டி நின்ன அடுத்த நொடி "டொக்"னு கேக்குதா? அப்படின்னா ஷாஃப்டோட சறுக்கு யோக்ல (முன்னும் பின்னும் சறுக்கிக் கொடுக்கிற முனை) கிரீஸ் காய்ஞ்சிருக்கும். பிரேக்ல ஹவுசிங் முறுக்கிட்டு, நின்னதும் விடும். சறுக்க வேண்டிய பல்லு பிடிச்சுக்கிட்டு அப்புறம் பட்டுனு விடும். கழட்டறதுக்கு முன்னாடி யோக்லயும் ஷாஃப்ட்லயும் பஞ்ச் அடிச்சு அடையாளம் வைங்க. ஒரு பல்லு மாறிப் பொருத்தினாலும் அதிர்வு வரும்.

ரப்பர்புஷ்

ஷாக் அப்சார்பர் புதிது என்பதாலேயே அதை விட்டுவிடாதீர்கள். கீழ் முனையை இரண்டு பக்கமும் கழற்றி, எதிலும் இடிக்காதபடி மேலே கம்பியால் கட்டிவிட்டு, அதே வேகத்தடையில் 10 கி.மீ. வேகத்துக்குள் ஒரு முறை போய் வாருங்கள். வண்டி துள்ளும், ஆளில்லாத இடத்தில் மட்டும் செய்யுங்கள். சத்தம் நின்றால் ஷாக் அப்சார்பரின் மாட்டும் பின் முட்டை வடிவில் தேய்ந்திருக்கிறது அல்லது வாஷர் விடுபட்டிருக்கிறது. நிற்காவிட்டால் அந்தப் பக்கமே மறுபடி போக வேண்டாம்.

ஷேக்கிளைச் சோதிக்கும்போது சக்கரம் தரையில் இருக்கட்டும். டயர் லீவரை ஷேக்கிள் தகட்டுக்கும் பிளேட் கண்ணுக்கும் நடுவில் விட்டு நெம்புங்கள். ரப்பர் அமுங்குவது தெரிய வேண்டும், இரும்பு இரும்பில் இடிக்கும் சத்தம் கேட்கக் கூடாது. புஷ் மாற்றினால் எஞ்சின் ஆயிலோ கிரீஸோ தடவாதீர்கள், ரப்பர் ஊறி உப்பிவிடும். சோப்புத் தண்ணீர் போதும். மிக முக்கியம்: ஷேக்கிள் நட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டி சக்கரத்தில் நிற்கும்போது. இந்த ரப்பர் சுழலாது, முறுக்கித்தான் கொடுக்கும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதுமே அது முறுக்கிய நிலையில் மாட்டிக்கொள்ளும். சில மாதத்தில் கிழிந்து அதே சத்தம் திரும்ப வரும். "புது புஷ் தரமில்லை" என்று கடைக்காரரைக் குறை சொல்லும் இடத்தில் பாதிக்கு மேல் இந்தத் தவறுதான் இருக்கும்.

சைலன்சர் குழாயையும் குளிர்ந்த பிறகு கையால் ஆட்டிப் பாருங்கள். ஹவுசிங்கில் இடித்தால் குழாயில் பளபளப்பான தழும்பு இருக்கும். எது எதில் இடிக்கிறது என்று தெரியாவிட்டால் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, சந்தேகமான இடைவெளியில் எல்லாம் ஒட்டி ஒரு சுற்று போய் வாருங்கள். நசுங்கிய இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

வெள்ளைஅம்பி

அனைவருக்கும் நன்றி. பார்த்த வரை:

முன் கண் முதல் டிரம் நடு வரை இடது பக்கம் 7 மி.மீ. அதிகம். உயரத்தில் வித்தியாசம் 4 மி.மீ. மட்டும். கிராஸ் இரண்டிலும் ஆட்டமே இல்லை. பினியன் ஃபிளாஞ்சு சற்றுத் திரும்புகிறது, மேலும் கீழும் ஆடவில்லை. அரை கிளட்ச் சோதனையில் இடது பேட் பிளேட்டின் மேல் நகர்வது கண்ணுக்கே தெரிகிறது. யூ போல்ட் ஓரம் துருப்பொடி இருக்கிறது. ஷேக்கிள் புஷ் இரண்டு பக்கமும் நன்றாக இருக்கிறது.

யூ போல்ட்டை இறுக்கினால் மட்டும் போதுமா?

பழையஸ்பேனர்

போதாது சார். 7 மி.மீ. பின்னால் போயிருக்கிறது என்றால் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். யூ போல்ட் பிளேட்டையும் ஹவுசிங்கையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது, ஹவுசிங்கின் இடத்தைக் காட்டி நிறுத்துவது சென்டர் போல்ட்டின் தலை. இப்போதைக்கு வேகமாக ஓட்டாதீர்கள். அந்தப் பக்கம் நகர்ந்தால் வண்டியே பின்னாலிருந்து திரும்புவது போல் இழுக்கும்.

யூ போல்ட் மரையில் முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். மறுநாள் பின்பக்கத்தைத் தூக்கி, பிளேட்டின் முன் கண்ணுக்கு முன்னால் பாடி மெம்பருக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு கொடுங்கள். ஹவுசிங்கைத் தனி ஜாக்கியில் தாங்குங்கள். சக்கரத்தையும் ஷாக் அப்சார்பரின் கீழ் முனையையும் கழற்றி, யூ போல்ட்டை எடுத்ததும் ஹவுசிங்கைச் சற்றே உயர்த்தினால் பேட் தெரியும். ரப்பர் பிரேக் ஹோஸ் இழுபடாமல் கவனித்துக்கொண்டே உயர்த்துங்கள்.

பழைய சென்டர் போல்ட்டைத் தட்டி எடுப்பதற்கு முன் அதன் இரு பக்கமும் ஜி கிளாம்ப் போட்டு பிளேட் கட்டை இறுக்கிவிடுங்கள். போடாவிட்டால் பிளேட்டுகள் விரிந்து கையைப் பதம் பார்க்கும். கட்டைப் பிரித்த கையோடு ஒவ்வொரு பிளேட்டிலும் நடுத் துளையைச் சுற்றி மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த ஒரு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும், முழு செட் தேவையில்லை.

புது போல்ட் சென்டர் போல்ட் என்றே கேட்டு வாங்குங்கள். சாதாரண போல்ட்டின் தலை துளையில் பொருந்தாது. வேறு எதுவும் கிடைக்காவிட்டாலும் 8.8க்குக் குறைந்த வலிமைத் தரம் (போல்ட் தலையில் பொறித்திருக்கும் எண்) வேண்டாம். ஹவுசிங் பேட்டில் தலை உட்காரும் துளையையும் பாருங்கள். அது முட்டை வடிவில் அகன்றிருந்தால் எந்த போல்ட் போட்டாலும் மறுபடி உடையும், வெல்டு வைத்து நிரப்பித் திரும்பத் துளையிட வேண்டும். உங்கள் வண்டியில் அதுதான் மூலக் காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

யூ போல்ட்டும் நட்டும் புதிதாகவே போடுங்கள். ஒரு முறை நீண்ட போல்ட் மறுபடி அதே பிடி பிடிக்காது. நான்கு நட்டையும் எதிரெதிராக, சிறிது சிறிதாக, இரண்டு கால்களிலும் வெளியே தெரியும் மரை ஒரே அளவாக இருக்கும்படி இறுக்குங்கள். கடைசி இறுக்கம் வண்டி சக்கரத்தில் நிற்கும்போது. பிறகு அதே டேப்பால் இரு பக்கமும் மறுபடி அளந்து, ஹேண்ட்பிரேக் கேபிளையும் சரிபாருங்கள், ஹவுசிங் முன்னால் வந்ததால் அதன் நீளம் மாறியிருக்கும்.

200 கி.மீ. ஓடியதும் ஒரு முறை, 1000 கி.மீ. ஆனதும் ஒரு முறை யூ போல்ட்டை இறுக்க வேண்டும், பிளேட்டுகள் படிந்து உட்காரும்போது கட்டாயம் இளகும். நட்டுக்கும் மரைக்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால், நகர்ந்ததா என்று குனிந்து பார்த்தாலே தெரியும்.