வியாழனின் புயலைப் பார்த்த அனுபவம்

முட்டத்திலிருந்து:

2024 டிசம்பர். வியாழன் பூமிக்கு நெருங்கி, சுமார் 61 கோடி கிலோமீட்டரில் இருந்த சமயம். மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. மட்டுப்பாவில் எட்டு அங்குல டெலஸ்கோப்பைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மாமா ஏறி வந்தார். "ஆறாமீனுக்குக் கிழக்கால நிக்குதே, அதுவா மக்கா?" என்றார். நாற்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர்.

அந்த மாதம் நம் ஊரில் வியாழன் கிட்டத்தட்ட உச்சிக்கே வந்தது. அதனால் பிம்பம் அதிகம் ஆடவில்லை. வியாழனின் புயலான பெரும் சிவப்புப் புள்ளியைப் பார்க்க நேரம் கணக்குப் பண்ணி உட்கார வேண்டும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும், புள்ளியும் கூடவே ஓடிவிடும். பதினொன்றரைக்குத் தெரிந்தது. தெற்குப் பக்கத்து மேகப் பட்டையின் ஓரத்தில் குழி விழுந்த மாதிரி, அதற்குள் வெளிறிய செங்கல் நிறத்தில் ஒரு நீள்வட்டம்.

மாமா ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. "இது புயலா?"

"ஆமா மாமா. நம்ம பூமியே அதுக்குள்ள அடங்கிடும். 1831ல இருந்தே பார்த்து எழுதி வச்சிருக்காங்க."

"எப்பம் கரையைக் கடக்கும்?"

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். அவர் தம்பி திரும்பி வரவில்லை. எனக்கு உடனே பதில் வரவில்லை. நம் புயல் தரை ஏறினால் கடலின் சூடும் ஈரமும் கிடைக்காமல் வலுவிழக்கும். வியாழனில் ஏறுவதற்குத் தரையே கிடையாது, மேலே வாயு, ஆழத்தில் திரவம்தான். இத்தனைக்கும் அது நம்முடையதைப் போலத் தாழ்வழுத்தப் புயல் அல்ல, உயரழுத்தச் சுழல். "அங்க கரை இல்ல மாமா" என்றேன். ஆனால் சுருங்கி வருகிறது. 1979ல் வாயேஜர் விண்கலம் போனபோது 23,000 கிலோமீட்டர் அகலம், இப்போது 16,000 பக்கம் என்பதையும் சொன்னேன்.

"அப்பம் ஓயும்" என்றார். மறுபடியும் குனிந்து பார்த்தார்.

பேச்சிப்பாறையிலிருந்து:

உங்களைப் போல நான் வியாழனின் புயலைப் பார்த்ததில்லை, அதன் ரேடியோ இரைச்சலைக் கேட்டிருக்கிறேன். இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏழு மீட்டர் செப்புக் கம்பி கட்டி, ரிசீவரை 20 மெகாஹெர்ட்ஸில் வைத்திருந்தேன். வியாழனின் துருவ ஒளி, அதாவது துருவங்களுக்கு மேலே வானில் படரும் வெளிச்சம், புற ஊதாவில் எரிவதால் நம் கண்ணுக்குப் படாது; ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கிதான் படம் எடுத்துத் தரும். நம் பூமியின் துருவ ஒளிக்குச் சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து வீசும் மின்துகள்கள் வேண்டும். அங்கே அயோ நிலாவின் எரிமலைகள் நொடிக்கு ஒரு டன் கணக்கில் கக்கும் வாயுவும், வியாழனின் வேகமான சுழற்சியுமே பெரும்பாலும் போதும். அதனால் அணைவதே இல்லை. அயோவிலிருந்து காந்தப்புலக் கோடுகள் வழியாகப் பாயும் எலக்ட்ரான்கள் துருவத்தில் ஓர் ஒளிப்பொட்டை வைக்கின்றன. ரேடியோ இரைச்சலும் அந்தப் பாய்ச்சலில் பிறப்பதுதான். வானியலாளர்கள் பர்க்கும் ஃபிராங்க்ளினும் 1955ல் இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள்.

அயோ எங்கே நிற்கும்போது சத்தம் வரும் என்று கணக்குப் போட்டு, விடியற்காலம் இரண்டரைக்கு உட்கார்ந்தேன். நம் மின்னலென்றால் சடசடவென்று வெடிக்கும். இது மெல்ல ஏறி, பொங்கி, இறங்கியது. நான் கொல்லங்கோடு கடப்புறத்தில் வளர்ந்தவன். அலை கரையில் விழுந்து மணலில் இழுபடும் சத்தம் அப்படியே. பதிவு செய்து வைத்திருக்கிறேன். மாமாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

முட்டத்திலிருந்து:

ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறக்குவதில்லை. பூசை முடிந்ததும் மாமாவோடு வருகிறேன்.