கொறங்காட்டில் காலடியில் கிடந்த நாலு முட்டை

போன பங்குனியில் வெள்ளகோவில் பக்கம் ஒரு கொறங்காட்டுக்கு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டுக்குப் போயிருந்தேன். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மாடுகள் மேய்ந்து மேய்ந்து புல் தரையோடு ஒட்டிக் கிடந்தது. மஞ்சள் மூக்கு ஆட்காட்டி ஒன்று தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. சரி, கூடு பக்கத்தில்தான் என்று அசையாமல் நின்று தேடினேன். செருப்புக்கு ஒரு முழம் தள்ளி, காய்ந்த சாணிக்கும் சரளைக்கும் நடுவே நாலு முட்டை, கூர்முனை எல்லாம் உள்பக்கமாக. படம்கூட எடுக்காமல் பின்வாங்கிவிட்டேன்.

"பக்கத்துக் காட்டுல இது ஒண்ணுகூட இருக்காதுங்க தம்பி" என்றார் காட்டுக்காரப் பெரியவர். அங்கே மாடு விட்டு ஆறேழு வருடமாம், சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. அப்புறம் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். கௌதாரிச் சத்தம் மட்டும்தான்.

யோசித்தால் புரிகிறது. ஆட்காட்டிக்கு அடைகாக்கும்போதே கீரி வருவது தூரத்தில் தெரிய வேண்டும். தெரிந்தால் சத்தமில்லாமல் எழுந்து நடந்துவிடும், முட்டையை அதன் நிறம் காப்பாற்றும். புதர் வந்தால் அந்தப் பார்வை போச்சு. கௌதாரி நேர்மாறு. தூர் அடியில் பதுங்கி, மிதிக்கப் போகும்வரை அசையாது.

* * *

நீங்கள் எழுதிய ஆட்காட்டிக் கதையைப் படித்துவிட்டுத்தான் இந்தப் பதில். நமக்குக் கோவில்பட்டி. கல்குருவியும் உங்கள் ஆட்காட்டி மாதிரிதான். கரிசல் தரிசில் குழிகூட ஒழுங்காகப் பறிக்காமல் இரண்டு முட்டை வைத்திருந்ததைப் பார்த்தேன். மழைக்குப் பின் கணுக்கால் உயரம் செடி முளைத்ததும் அந்தப் பக்கமே காணோம்.

ஆனால் ஒன்று. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது எங்கள் ஊரிலும் ஜேசிபி இறங்கியது. புரட்டிப் போட்ட ஒரு தூரின் அடியில் கௌதாரி முட்டை, ஏழோ எட்டோ, எல்லாம் நசுங்கிக் கிடந்தன. மரத்தை எடுப்பது சரிதான், சித்திரை வைகாசியிலா எடுப்பது?

* * *

கோவில்பட்டி நண்பரே, நீங்கள் சொன்னதை வெள்ளகோவில் பெரியவரிடம் போனில் சொன்னேன். பக்கத்துக் காட்டை இந்தக் கோடையில் வழிக்கப் போகிறார்களாம். ஐப்பசிக்குத் தள்ளிவைக்கக் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.