சல்பேட் இல்லாத ஷாம்பு, கையைக் கடிக்காத விலையில்

சல்பேட் உள்ள ஷாம்புவை நான் விட்டதற்குக் காரணம் வாட்ஸ்அப்பில் சுற்றும் புற்றுநோய்ப் பயம் இல்லை. சல்பேட்டால் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. எனக்குச் சுருட்டை முடி, வறண்ட தலை, அதோடு தாம்பரம் பக்கத்து போர் தண்ணீர். சாதாரண ஷாம்பு போட்டால் முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும், அன்று மாலையே தலை அரிக்கும். ஷாம்புவில் அழுக்கெடுக்கச் சேர்க்கும் சல்பேட்டுகளான சோடியம் லாரில் சல்பேட், சோடியம் லாரெத் சல்பேட் இரண்டுமே எண்ணெயை நன்றாக எடுப்பவை. பிசுக்குத் தலைக்கு அது வசதி. என் தலையிலோ இருக்கிற கொஞ்ச எண்ணெயும் போய்விடுகிறது.

எனக்குச் சொந்த ஊர் கடலூர். ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து விற்ற சின்னி கிருஷ்ணனின் ஊர், 1983-ல் சிக் ஷாம்பு தொடங்கிய ஊர். ஒரு பாக்கெட் வாங்கிப் போட்டுப் பார்த்து, பிடித்தால் மறுபடி வாங்குவது எங்களுக்குப் பழக்கம். சல்பேட் இல்லாததை அப்படி ஒரு பாக்கெட்டில் எங்கள் தெருக் கடைகளில் நான் பார்த்ததே இல்லை. முன்னூறு, நானூறு கொடுத்து முழு பாட்டில் வாங்கினால்தான் நமக்கு ஒத்துவருமா என்றே தெரியும். செலவு அங்கேதான் ஏறுகிறது. அதனால் பயணத்துக்கென்று விற்கும் சின்ன பாட்டில் கிடைத்தால் முதலில் அதை வாங்குங்கள். விலையை எப்போதும் நூறு மில்லிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘ஆஃபர்’ என்று போட்ட சின்ன பாட்டிலைவிடப் பெரிய பாட்டில் மலிவாக இருப்பதை நிறைய தடவை பார்த்திருக்கிறேன்.

முன்பக்கம் எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள், திருப்பிப் பாருங்கள். அதிகம் உள்ள பொருள்தான் பட்டியலில் முதலில் வரும். தண்ணீருக்கு அடுத்த நாலைந்து பெயர்கள் போதும். கோகமிடோப்ரொப்பைல் பீட்டெய்ன், டெசில் குளுக்கோசைடு, சோடியம் லாராயில் சார்கோசினேட், சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட் என்று இருந்தால் பெரும்பாலும் மென்மையானது. ஓலெஃபின் சல்ஃபோனேட் முன்னால் நின்றால் கவனம். கணக்குப்படி அது சல்பேட் இல்லைதான், ஆனால் எண்ணெயை அதே வேகத்தில் எடுக்கும். ‘சல்பேட் இல்லை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த ஒரு பாட்டிலில் இதுதான் இருந்தது. என் தலை பழையபடி அரித்தது. அதே மாதிரி, பேபி ஷாம்பு என்பதாலேயோ சீயக்காய் ஷாம்பு என்பதாலேயோ சல்பேட் இருக்காது என்று எண்ண வேண்டாம். இருப்பவை நிறைய.

கண்டிஷனருக்குக் கூடுதலாகச் செலவு செய்யவே வேண்டாம். அழுக்கெடுக்கும் சல்பேட் அதில் வழக்கமாகவே இருக்காது. ‘சல்பேட் இல்லாத கண்டிஷனர்’ என்று கூடுதல் விலை சொன்னால் தாராளமாக விட்டுவிடலாம். பெஹென்ட்ரிமோனியம் மெத்தோசல்பேட் என்று பார்த்துப் பயப்படாதீர்கள், அது முடியை மிருதுவாக்குவது. நான் சாதாரண, விலை குறைந்த கண்டிஷனர்தான் வாங்குகிறேன். அதில் டைமெத்திகோன் என்ற சிலிகோன் இருந்தால் மென்மையான ஷாம்புவுக்கு அது முழுசாகப் போகாமல் படியும். முடி கனமாகத் தெரியும்போது ஒரே ஒரு தடவை சாதாரண பாக்கெட் ஷாம்பு போட்டு அலசிவிடுவேன். சல்பேட்டுக்கும் ஒரு வேலை உண்டு.

தலையில் வைத்த எண்ணெய் இந்த ஷாம்புவுக்குப் போகாது என்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். என் தங்கையும் அப்படித்தான் விட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். எண்ணெய்த் தலையை நனைத்ததும் முதலில் கண்டிஷனரை முடியில் தேய்த்து இரண்டு நிமிடம் விடுங்கள். எண்ணெய் அதோடு சேர்ந்து இளகி வெள்ளையாக வரும். அலசிவிட்டு, ஷாம்புவை மக்கில் கொஞ்சம் தண்ணீரில் கலந்து தலைத்தோலில் மட்டும் ஊற்றித் தேயுங்கள். நுரை குறைவாகத்தான் வரும், நுரைக்காக இன்னும் இன்னும் ஊற்றினால் பாட்டில் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள், தண்ணீர் சேர்த்து வைத்தால் கெட்டுப்போகும்.

அப்புறம் அரப்பு. என் மாமியார் ஊர் கோபி. அங்கே எண்ணெய் தேய்த்துக் குளித்தால் அரப்புதான். உசிலை மர இலையைக் காயவைத்து அரைத்த பொடி. அதில் இயற்கையாகவே நுரைக்கும் சப்போனின் இருக்கிறது. அத்தை ஆறிய வடிகஞ்சியில் கரைத்து அப்படியே தேய்ப்பார். சுருட்டை முடியில் பொடி மாட்டிக்கொண்டு சீப்பு போகாது, அதனால் நான் மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டி அந்தத் தண்ணீரை மட்டும் ஊற்றுகிறேன். கண்ணில் பட்டால் எரியும், குழந்தைகளுக்குத் தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றுங்கள். விலையைப் பார்த்தால் இதைவிட மலிவானது எனக்குக் கிடைத்ததில்லை. வேலைக்குப் போகிற நாட்களில் மட்டும் பாட்டில் ஷாம்பு, ஞாயிற்றுக்கிழமை அரப்பு என்று பிரித்துக்கொண்டதில் பாட்டில் நெடுநாள் வருகிறது.

உப்புத் தண்ணீரில் குளிக்கும் சுருட்டை முடிக்காரர்கள் யாராவது நூறு மில்லி நூறு ரூபாய்க்குள் வரும் நல்ல ஷாம்பு பயன்படுத்தினால் பெயரோடு சொல்லுங்கள். பின்பக்கப் பட்டியலின் முதல் ஐந்து பொருளையும் சேர்த்து எழுதினால் ரொம்ப உதவி.