புதுப்பிப்பு: பின்பக்கக் கார்புரேட்டரில் பெட்ரோல் கசிவு

முன்பு கேட்டது இதுதான்: பழைய காரின் இரட்டைக் கார்புரேட்டர்களில் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பவை) பின்னதன் ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டுகிறது, பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வை மாற்றியும் நிற்கவில்லை. பம்ப் அழுத்தத்தைப் பார்க்கச் சொன்னீர்கள். கேஜ் வைத்துப் பார்த்தேன், 2.5 பிஎஸ்ஐ. அதில் குறையில்லை.

குற்றவாளி, பெட்ரோல் மட்டத்தோடு எழும்பி அந்த வால்வை மூடும் பித்தளை மிதவை! காதருகே குலுக்கினால் உள்ளே பெட்ரோல் சலசலக்கிறது. வெந்நீரில் அமுக்கியதும் சால்டர் (ஈயப் பற்று) ஓரத்தில் குமிழி வந்தது. கனம் கூடிய மிதவை சரியாக எழும்பாததால் வால்வு மூடவே இல்லை. சால்டர் வைத்து அடைக்கலாம் என்பார்கள். உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும்போது சூடு காட்ட எனக்குத் துணிவில்லை. புதியதைப் போட்டு மிதவை மட்டத்தைச் சரிசெய்தேன், சொட்டு நின்றது. அப்புறம், மூடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டில் லேசான ஈரம் இருக்கிறது. அதையும் மாற்றப் போகிறேன்.