மெட்டாரில் 9999 என்று வந்தால் சிமுலேட்டரில் மலையே காணாமல் போகிறது. எங்கே தவறு?

கேள்வி:
வணக்கம். பொழுதுபோக்காக ஒரு ஃப்ளைட் சிமுலேட்டர் எழுதி வருகிறேன். நிஜ விமான நிலையங்கள் வெளியிடும் மெட்டார் என்ற வானிலை அறிக்கையை எடுத்து, அதிலுள்ள பார்வைத் தூரத்தை அப்படியே மூடுபனியின் எல்லையாக வைக்கிறேன். அறிக்கையில் 9999 என்று இருக்கும், அதாவது நல்ல தெளிவான நாள். ஆனால் ஓடுபாதையிலிருந்து 25 கி.மீ. தள்ளியிருக்கும் மலை துளிகூடத் தெரிவதில்லை. 35,000 அடிக்கு ஏறினாலும் சுற்றிலும் பால் ஊற்றியது போலத்தான் இருக்கிறது. இரண்டு வாரமாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன்.

பதில் 1:
9999 என்பது அளந்த தூரம் அல்ல நண்பரே. "10 கி.மீ. அல்லது அதற்கு மேல்" என்பதற்கான குறியீடு. கேவோகே (CAVOK, மேகமும் பார்வையும் சரி என்ற குறியீடு) என்று வந்தாலும் பார்வைத் தூரத்துக்கு அதே பொருள்தான். அமெரிக்க அறிக்கைகளில் 10 மைல் என்று வருவதையும் பெரும்பாலும் அப்படித்தான் படிக்க வேண்டும். விமானி தரையிறங்க அதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை, அதனால் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் 15 கி.மீ. தெரிந்ததா, 80 கி.மீ. தெரிந்ததா என்று அறிக்கை சொல்லாது. அதை நீங்கள்தான் ஊகிக்க வேண்டும்.

வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள இடைவெளியைப் பாருங்கள். 31-க்கு 12 என்றால் காற்று வறண்டிருக்கிறது, தாராளமாக 60 கி.மீ. கொடுக்கலாம். 31-க்கு 28 என்றால் 15 போதும். வறண்ட காற்றிலும் தூசி இருக்கலாம் என்பதால் இது ஊகம்தான், ஆனாலும் 9999 மீட்டரில் சுவர் எழுப்புவதைவிட நல்லது.

பதில் 2:
மூடுபனிக்கு 'எல்லை' வைத்ததும் ஒரு பிழை. காற்றில் ஒளி படிப்படியாகத்தான் மங்கும். அடுக்குக்குறி முறைக்கு (exponential, ஒவ்வொரு கி.மீ.க்கும் ஒளி ஒரே விகிதத்தில் குறைவது) மாறி, அடர்த்தியை 3 ÷ பார்வைத் தூரம் என்று வையுங்கள். அப்போது அந்தத் தூரத்தில் 5 சதவீத ஒளி மிஞ்சும். வானிலைக் கருவிகள் பார்வைத் தூரத்தைக் கணக்கிடுவதும் இந்த 5 சதவீதத்தை வைத்துத்தான். ஷேடரில் (திரையில் நிறத்தைக் கணக்கிடும் நிரல்) தூரத்தின் வர்க்கத்தைப் பயன்படுத்தும் வகை இருந்தால் 3-க்குப் பதில் 1.73.

உயரம் தனி விஷயம். அறிக்கை சொல்வது தரையில், கிடைமட்டமாக. புழுதியும் ஈரமும் பெரும்பாலும் கீழ் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆகவே மேலே போகப் போக அடர்த்தியைக் குறையுங்கள். 35,000 அடியில் அடிவானமே சுமார் 370 கி.மீ. தள்ளி இருக்கிறது!

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 60 கி.மீ. வைத்துப் பார்த்தேன், மலை நீல நிறத்தில் மங்கலாகத் தெரிகிறது. இரண்டு வாரத்துக்கு அப்புறம் அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. இப்போது வேறு சிக்கல்: அடுத்த அறிக்கையில் 8000 வந்ததும் காட்சி ஒரே நொடியில் மூடிக்கொள்கிறது.

பதில் 2:
சில நிமிடங்களுக்குப் பரப்பி மாற்றுங்கள். தூரத்தை அல்ல, அடர்த்தியை. 60-க்கும் 8-க்கும் நடுவழியில் 34 கி.மீ. வராது, சுமார் 14 வரும். கண்ணுக்கு அதுதான் சீராக இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
சரி, அடர்த்தியை 5 நிமிடத்துக்குப் பரப்பிவிட்டேன். இப்போது திடீரென்று மூடவில்லை, மலை மெல்ல மெல்லக் கரைகிறது.