சிவப்புக் கோடு வந்தாலும் பரவாயில்லையாம்!

பழைய கேசட்:
வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்காக மெட்டுக்காரன் போன வாரம் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். மைக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பது, எதிரொலியைக் குறைக்கப் போர்வையை எங்கே தொங்கவிடுவது, எல்லாம் சரி. நடுவில் ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளைப் பற்றி ஒரு வரி: "ஆடாசிட்டியில் 32 பிட் ஃப்ளோட் இருப்பதால் லெவலைப் பற்றிக் கவலையே வேண்டாம். சிவப்புக் கோடு வந்தாலும் அப்புறம் குறைத்துக்கொள்ளலாம்." (32 பிட் ஃப்ளோட் என்பது ஒலியை எண்ணாகச் சேமிக்கும் ஒரு முறை. சிவப்புக் கோடு என்பது ஒலி உச்சத்தைத் தாண்டியதன் அடையாளம்.) இதை நம்பிப் பாடிய இரண்டு பேர் தங்கள் பதிவை எனக்கு அனுப்பி, குரல் ஏன் கிழிகிறது என்று கேட்கிறார்கள். கிழியாமல் என்ன செய்யும்?

குரல் மைக்கிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு, அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டிக்குப் போகிறது. அங்கே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கெயின் திருகு. அதற்குப் பின்னால் மின்னலையை எண்ணாக மாற்றும் சில்லு. நம்மிடம் இருக்கிற சாதாரண இன்டர்ஃபேஸ்களில் அது 24 பிட். அதன் உச்சத்தைத் தாண்டினால் அலைக்கு அங்கேயே மொட்டை. அந்த மொட்டை அலையைத்தான் மென்பொருள் வாங்கி 32 பிட் டப்பாவில் போட்டு வைக்கிறது. அப்புறம் 6 டெசிபல் குறைத்தால் கிடைப்பது குட்டையான மொட்டை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

மெட்டுக்காரன்:
என் வரியைத் தலைப்பில் வைத்து ஒரு விவாதமே தொடங்கியதற்கு நன்றி. நான் எதையும் சும்மா எழுதுவதில்லை. சோதித்துவிட்டுத்தான் எழுதினேன். ஒரு குரல் டிராக்கை எடுத்து, ஒலியைக் கூட்டும் ஆம்ப்ளிஃபை எஃபெக்டில், கிளிப் ஆனாலும் (உச்சத்தைத் தாண்டினாலும்) பரவாயில்லை என்ற கட்டத்தைத் தட்டிவிட்டு, 10 டெசிபல் ஏற்றினேன். டிராக் முழுக்கச் சிவப்பு. மறுபடி 10 டெசிபல் இறக்கினேன். பழைய அலை அப்படியே திரும்பி வந்தது. எங்கே ஐயா மொட்டை? நீங்களும் செய்து பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

பழைய கேசட்:
நான் சொன்னது பாடும்போது நடப்பது. நீங்கள் செய்தது பாடி முடித்த பிறகு நடப்பது. ஏற்கெனவே ஒழுங்காகப் பதிவான அலையை ஏற்றி இறக்கினால் திரும்பத்தான் வரும். அந்த மேல்பகுதி உள்ளே பத்திரமாக இருக்கிறது. அதே டிராக்கை, உச்சத்துக்கு மேல் இடமே இல்லாத 16 பிட்டாக மாற்றிவிட்டு அதே ஏற்றம், அதே இறக்கம் செய்யுங்கள். உங்கள் அலைக்கும் மொட்டைதான்.

மெட்டுக்காரன்:
நான் ஏன் 16 பிட்டுக்கு மாற்ற வேண்டும்? நான் எழுதியதே 32 பிட்டைப் பற்றித்தானே? 32 பிட்டில் வந்ததா இல்லையா? வந்தது. முடிந்தது.

குயில்குஞ்சு:
ஒரு சின்னச் சந்தேகம். இசையை ஓடவிட்டு அதன் மேல் பாடிப் பதிவு செய்தால், கேட்கும்போது குரல் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் வருகிறது. நான் தாளம் தப்பவில்லை என்று சத்தியம் செய்கிறேன். இதற்கு என்ன செய்வது?

ஸ்டூடியோவாசி:
இலவச மென்பொருளை வைத்துக்கொண்டு இவ்வளவு சண்டையா? காசு கொடுத்து வாங்கும் மென்பொருளின் ஒலியே தனி. அதில் ஒரு ஆழம் இருக்கும், ஒரு கதகதப்பு இருக்கும். ஆடாசிட்டி என்பது பேச்சை வெட்டி ஒட்டுவதற்கு. இசைக்கு இல்லை.

பழைய கேசட்:
வாருங்கள், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். கதகதப்பு மென்பொருளில் இல்லை, கணினிக்கு அடியில் இருக்கிறது. இரண்டு டிராக்கைச் சேர்ப்பது என்றால் எண்களைக் கூட்டுவது. காசு கொடுத்தால் இரண்டும் இரண்டும் ஐந்து ஆகுமா? ஒரே கோப்புகளை இரண்டு மென்பொருளிலும் போடுங்கள். எஃபெக்ட் வேண்டாம், லெவல் 0 டெசிபலில், பேன் (இடது வலது சமநிலை) நடுவில். 32 பிட் ஃப்ளோட்டில் எக்ஸ்போர்ட் செய்து, ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு சேருங்கள். மௌனம்தான் மிஞ்சும். மிஞ்சவில்லை என்றால் வந்து சொல்லுங்கள்.

ஆடாசிட்டியில் உண்மையான குறைகள் இருக்கின்றன, அவற்றைச் சொன்னால் நானே தலையாட்டுவேன். 2022 செப்டம்பரில் 3.2 பதிப்பு வரும் வரை எஃபெக்டை ஓடவிட்டுக்கொண்டே மாற்ற வழியில்லை. எதிரொலி போட்டால் போட்டதுதான், பிடிக்கவில்லை என்றால் அன்டூ. 3.0 வருவதற்கு முன் கோப்பும் அதன் தரவுகளும் தனித்தனியாகக் கிடக்கும். நானே ஒருமுறை தரவு ஃபோல்டரை விட்டுவிட்டு .ஏ.யு.பி கோப்பை மட்டும் நகலெடுத்துக்கொண்டு கணினியை அழித்தேன். ஆறு பாட்டு போச்சு. என் முட்டாள்தனம்தான். அந்தக் குறையைப் பேசுங்கள், கதகதப்பைப் பேசாதீர்கள்.

ஸ்டூடியோவாசி:
காது உள்ளவனுக்குக் கேட்கும்.

பழைய கேசட்:
ரீப்பர் என்ற கட்டண மென்பொருளின் 60 நாள் சோதனைக் காலத்தை ஆறு வருடமாக ஓட்டுவதாக நீங்களே ஒருமுறை பெருமையாகச் சொன்னீர்கள். காசு கொடுப்பதைப் பற்றி நீங்கள் பேசலாமா?

ஸ்டூடியோவாசி:
அது வேறு விஷயம். தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம்.

மெட்டுக்காரன்:
பேச்சை மாற்றாதீர்கள் கேசட். என் கேள்விக்குப் பதில் வரவில்லை. 32 பிட்டில் ஏற்றி இறக்கினேன். திரும்ப வந்ததா, இல்லையா? ஆம் இல்லை என்று ஒரு சொல்லில் சொல்லுங்கள்.

பழைய கேசட்:
வந்தது. ஆனால் அது கேள்வியே இல்லை.

மெட்டுக்காரன்:
"வந்தது." எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறுமி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் இருவரும் இரண்டு வேறு கிளிப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒன்று இன்டர்ஃபேஸின் மாற்றியில் நடப்பது, இன்னொன்று மென்பொருளுக்குள் நடப்பது. எதை கிளிப் என்கிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால்...

பழைய கேசட்:
நான் முதல் பதிவிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டேன். படிக்காமல் வந்து பஞ்சாயத்து செய்ய வேண்டாம்.

மெட்டுக்காரன்:
இதில் முடிவு செய்ய என்ன இருக்கிறது உறுமி? சிவப்புக் கோடு வந்தால் கிளிப். என் திரையில் சிவப்புக் கோடு வந்தது. அப்புறம் போனது. குழந்தைக்கும் புரியும்.

உறுமி:
சரி.

வெண்பா விரும்பி:
ஒலியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மேலே பழமொழியைத் தவறாகக் கையாண்டிருக்கிறார்கள். அது சட்டி இல்லை, சஷ்டி. "சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்பதே சரியான வடிவம்.

பழைய கேசட்:
இந்த விளக்கம் வாட்ஸ்அப்பில் எந்தத் தேதியில் வந்தது? அகப்பை என்றால் கரண்டி. கரண்டி சட்டிக்குள் போகும். கரண்டியைத் திதிக்குள் விடுவீர்களா?

வெண்பா விரும்பி:
அகத்தில் உள்ள பை அகப்பை. தமிழை இப்படி இளக்காரமாகப் பேசக் கூடாது.

பழைய கேசட்:
தமிழை இல்லை, உங்களை. பழமொழியை விடுங்கள். மெட்டுக்காரனுக்காகக் கடைசியாக ஒருமுறை விளக்குகிறேன், சற்று நீளமாக.

24 பிட் என்பது கணக்குப்படி 144 டெசிபல் இடைவெளி. எந்த வீட்டு இன்டர்ஃபேஸும் அதில் முழுதாகப் பயன்படுத்துவதில்லை, அதன் சொந்த இரைச்சலே முன்னால் வந்து நிற்கும். அறையில் ஓடும் மின்விசிறி அதற்கும் முன்னால். ஆகவே பாடும்போது உச்சம் -12 டெசிபல் பக்கம் நின்றாலே போதும் (எல்லை 0). கீழே நிறைய இடம் இருக்கிறது. லெவலை ஒட்ட ஒட்ட ஏற்றச் சொல்வது டேப் காலத்துப் பழக்கம். டேப்பில் பிட்டே கிடையாது, இரைச்சலுக்கு மேலே நிற்க ஏற்றினோம். எனக்குத் தெரியும், என் பெயரே அதுதான். இப்போது அந்த அவசியம் இல்லை.

சரி, 32 பிட் ஃப்ளோட் எதற்கு? பதிவு ஆன பிறகு நீங்கள் ஏற்றுவது, இறக்குவது, நாலு டிராக்கைக் கூட்டுவது, இந்தக் கணக்கு வழியெல்லாம் உச்சத்தைத் தாண்டினாலும் எண் உடையாமல் இருக்க. அதன் வீச்சு 1500 டெசிபலுக்கு மேல். அது நல்ல விஷயம், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்த வசதி மாற்றிக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் உங்கள் தொண்டை, மைக், கெயின் திருகு. அங்கே நடந்த விபத்துக்கு இங்கே வைத்தியம் கிடையாது.

பாடும்போதே தாங்குகிற கருவிகளும் உண்டு. 2019-ல் வந்த ஜூம் எஃப்6 என்ற கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒரு உதாரணம். அதில் ஒரு மைக்குக்கு இரண்டு மாற்றிகள், ஒன்று மெல்லிய ஒலிக்கு, ஒன்று உரத்த ஒலிக்கு. இரண்டையும் தைத்து 32 பிட் ஃப்ளோட் கோப்பாகத் தரும். அது கருவியின் வேலை. ஆடாசிட்டி அதைச் செய்யாது. எந்த மென்பொருளும் செய்யாது, காசு கொடுத்து வாங்கினதும் செய்யாது.

மெட்டுக்காரன்:
ஆக, 32 பிட்டில் கிளிப் ஆகாது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். எஃப்6 என்ற பெயரையும் நீங்களே எடுத்துக்கொடுத்தீர்கள். நான் குறிப்பில் எழுதியதும் இதேதான். எதற்கு இத்தனை பத்தி?

பழைய கேசட்:
உங்களிடம் எஃப்6 இருக்கிறதா?

மெட்டுக்காரன்:
அது எதற்கு இப்போது?

பழைய கேசட்:
இருக்கிறதா, இல்லையா? ஒரு சொல்லில்.

மெட்டுக்காரன்:
இல்லை. ஆனால் ஆடாசிட்டியில் கிளிப் ஃபிக்ஸ் என்ற எஃபெக்ட் இருக்கிறது! நீங்கள் மொட்டை என்று சொல்வதையும் அது சரிசெய்யும். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய கேசட்:
கிளிப் ஃபிக்ஸ் என்பது மொட்டைத் தலைக்கு விக். அக்கம்பக்கத்து அலையைப் பார்த்து, நடுவில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து ஒரு வளைவு போடுகிறது. ஒன்றிரண்டு இடத்தில் லேசாக மழுங்கியிருந்தால் ஒப்பேறும். சரணம் முழுக்கக் கத்தியிருந்தால் விக் காற்றில் பறக்கும்.

மெட்டுக்காரன்:
விக் வைத்தாலும் தலை தலைதான் தம்பி.

பழைய கேசட்:
யார் தம்பி? நீங்கள் கணினியைத் தொடும் முன்பே நான் டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டியவன். போன வருடம் கண்டென்சர் மைக்குக்கு இன்டர்ஃபேஸிலிருந்து போகும் 48 வோல்ட் மின்சாரம் தேவையில்லை என்று அடித்துப் பேசியதும் இதே ஆள்தான். அப்போதும் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை.

மெட்டுக்காரன்:
யூ.எஸ்.பி. மைக்கைப் பற்றிச் சொன்னேன். அதில் திருகவே முடியாது 48 வோல்ட்டை. முழுதாகப் படிக்காமல் வெட்டி ஒட்டுவது உங்களுக்கு டேப் காலத்திலிருந்தே பழக்கம் போலிருக்கிறது.

ஸ்டூடியோவாசி:
இதற்குத்தான் சொன்னேன், ஆடாசிட்டியே வேண்டாம் என்று. 2021-ல் மியூஸ் குழுமம் வாங்கியதும் தகவல் திரட்டப் போகிறார்கள் என்று உலகமே கத்தியது. மறந்துவிட்டதா?

உறுமி:
அந்த டெலிமெட்ரி (பயன்பாட்டுத் தகவல் திரட்டும்) திட்டத்தை எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். அப்புறம் வந்த தனியுரிமை அறிவிப்பையும் திருத்தி எழுதினார்கள். மூலநிரல் இன்றும் திறந்தே இருக்கிறது. பிடிக்காதவர்கள் டெனாசிட்டி என்று பிரித்துக்கொண்டு போனார்கள். ஆர்டோர் (Ardour) என்ற இன்னொரு ஒலிப்பதிவு மென்பொருளும் இருக்கிறது, லினக்ஸில் விநியோகங்களோடு இலவசமாகவே வரும்.

ஸ்டூடியோவாசி:
எல்.எம்.எம்.எஸ். என்ற இசையமைப்பு மென்பொருள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், அதற்குப் போகலாமே.

பழைய கேசட்:
குரல் பதிவைப் பற்றிப் பேசும் இடத்தில் எல்.எம்.எம்.எஸ்.! அதன் 1.2 பதிப்பில் மைக்கிலிருந்து பதிவு செய்யவே வழி இல்லை. அதில் கிளிப் ஆகாது, அது மட்டும் உறுதி.

குயில்குஞ்சு:
என் கேள்வியை யாராவது...

உறுமி:
குயில்குஞ்சு, ஆடாசிட்டியின் விருப்பத் தேர்வுகளில் லேட்டன்சி ஈடு (பதிவில் வரும் தாமதத்தைச் சரிக்கட்டுவது) என்று ஓர் எண் இருக்கும். தொடக்கத்தில் -130 மில்லி செகண்ட் என்று இருக்கும். அது எல்லாக் கணினிக்கும் பொருந்தாது. ஹெட்ஃபோனை மைக்கில் ஒட்டி வைத்து ஒரு மெட்ரோனோம் (தாளத்துக்கு டிக் அடிக்கும்) டிராக்கை ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். இரண்டு டிக்குக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து, அந்த எண்ணை அதற்கேற்ப மாற்றுங்கள். ப்ளூடூத் ஹெட்ஃபோன் என்றால் முதலில் அதைக் கழற்றி வையுங்கள்.

பழைய கேசட்:
அதோடு இதையும் கேட்டுக்கொள், குயில்குஞ்சு: உச்சம் -12 டெசிபல். கெயின் திருகைக் குறை. சிவப்பு வந்தால் நிறுத்திவிட்டுத் திரும்பப் பாடு. 32 பிட் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

மெட்டுக்காரன்:
திரும்பப் பாடத் தேவையில்லை குயில்குஞ்சு. நல்ல உணர்ச்சியோடு பாடியது ஒருமுறைதான் வரும். பதிவை வைத்துக்கொள், அப்புறம் குறைத்துக்கொள்ளலாம். நான் செய்து பார்த்தவன்.

பழைய கேசட்:
பார்த்தீர்களா, மறுபடி அதே வரி! சரி, இன்று இரவு நானே கத்திப் பாடி, அலையைப் பெரிதாக்கிப் படம் எடுத்துப் போடுகிறேன். மொட்டை தெரிகிறதா இல்லையா என்று எல்லோரும் பார்க்கட்டும்.

மெட்டுக்காரன்:
போடுங்கள். எத்தனை பிட்டில் பதிவு செய்தீர்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். 16-இல் செய்துவிட்டு 32 என்று சொல்ல மாட்டீர்கள் என்று என்ன நிச்சயம்?

பழைய கேசட்:
என்னைப் பொய்யன் என்கிறீர்களா?

குயில்குஞ்சு:
ப்ளூடூத்தான் காரணம். சரியாகிவிட்டது. நன்றி உறுமி அண்ணா.

மெட்டுக்காரன்:
நான் அப்படிச் சொல்லவில்லை. எத்தனை பிட் என்றுதான் கேட்டேன்.